பர்கண்டி: வட்டார அடையாளமும் அதன் சந்தையும்

பர்கண்டி கிழக்கு பிரான்சிலுள்ள பழைய மாகாணம். டிஜோன் அதன் தலைநகர். பினோ நுவார் என்னும் கருந்திராட்சையிலிருந்தும் ஷார்டொனே என்னும் வெண்திராட்சையிலிருந்தும் வடிக்கப்படும் ஒயின்களே அதன் முதற்புகழ். கடுகு விழுது, கசிஸ் பழமது, நத்தை, பிரெஸ் கோழி, எபுவாஸ் பாலாடைக்கட்டி ஆகியவை அந்தப் புகழின் நிழலில் வளர்ந்தன. ஒரு வட்டாரத்தின் பெயரையே முதலாக்கி அங்கு விளைவதையும் செய்வதையும் விற்கும் முறைக்கு இது மிகவும் ஆராயப்பட்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று. கோமகன்கள் காலத்திலிருந்து அறுபடாமல் வருவனபோலத் தோன்றும் பர்கண்டி மரபுகளில் பல, 1920-க்கும் 1940-க்கும் இடையில், ஒயின் விலைபோகாமல் நிலவறைகளில் தேங்கிய காலத்தில், மேயர்கள், தோட்டக்காரர்கள், வணிகர்கள், எழுத்தாளர்கள் எனச் சிலர் கூடிக் கட்டியவை. கட்டியவர்களின் பெயர்களும் ஆண்டுகளும் பதிவில் இருக்கின்றன. அதற்காக அந்த மரபுகளைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. கட்டுவதற்கு உண்மையான கல் அங்கே ஏராளமாகக் கிடந்தது.

நிலமும் பழம்புகழும்

டிஜோனுக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் சரிவொன்று ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. கோட்-டோர் எனப்படும் இச்சரிவில்தான் பெயர்பெற்ற தோட்டங்களில் பெரும்பாலானவை இருக்கின்றன. 1098-இல் சீத்தோவில் தொடங்கிய சிஸ்டெர்சியன் மடத்துத் துறவிகள் இங்கே நிலம் திருத்தினார்கள். அவர்கள் மதில் எழுப்பிய குளோ த வூஜோ தோட்டம் இன்றும் ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்பில் அதே மதிலுக்குள் இருக்கிறது. 1395-இல் கோமகன் துணிவுள்ள பிலிப், மிகுதியாகக் காய்த்தாலும் சுவை மட்டமானது என்று காமே கொடியைப் பிடுங்கி எறிய ஆணையிட்டான். ஆணை முழுதாக நிறைவேறவில்லை. ஆனாலும் தன் நாட்டு ஒயினின் பேர் கெடக்கூடாது என்று ஓர் அரசன் கவலைப்பட்டதற்கு அது எழுத்துச் சான்று. 1443-இல் கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலன், மனைவி கிகோன் த சலனுடன் சேர்ந்து போன் நகரத்தில் ஏழைகளுக்கான மருத்துவமனையை நிறுவினார். பக்தர்களும் நோய் தீர்ந்தவர்களும் அதற்குத் தோட்டங்களை எழுதிவைத்தார்கள். அத்தோட்டங்களின் ஒயின் 1859 முதல் ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகிறது.

பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் நிலம் பறிமுதலாகி விற்கப்பட்டது. பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற நெப்போலியன் காலச் சட்டம் வந்தபின், பாகப்பிரிவினையில் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டானது. துறவிகளின் ஒரே தோட்டமாக இருந்த குளோ த வூஜோ இன்று எண்பதுபேர் அளவில் பங்கு வைத்திருக்கும் தோட்டம். போர்தோவில் ஒரு மாளிகை, ஒரு முதலாளி, ஒரு பெயர் என்ற ஏற்பாடு நிலைத்தது. பர்கண்டியிலோ ஒருவருக்கு நான்கு வரிசை கொடி, அடுத்தவருக்கு ஆறு வரிசை. தன் பெயரைப் புட்டியில் ஒட்டி விற்கும் வசதி இந்தச் சிறு தோட்டக்காரர்களுக்கு இல்லை. போன், நுயி நகரங்களின் மொத்த வணிகர்கள் பலரிடமும் ஒயினை வாங்கிக் கலந்து, தங்கள் நிறுவனப் பெயரில் விற்றார்கள்.

ஊர்களும் சும்மா இருக்கவில்லை. தம் எல்லைக்குள் புகழ்பெற்ற தோட்டம் எதுவோ அதன் பெயரை ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டன. 1847-இல் ஜெவ்ரே, ஷாம்பெர்தன் தோட்டத்தின் பெயரைச் சேர்த்து ஜெவ்ரே-ஷாம்பெர்தன் ஆனது. மோன்ராஷே தோட்டம் புலினி, ஷசாஞ் என்ற இரண்டு ஊர்களின் எல்லையில் கிடந்ததால், 1879-இல் இரண்டுமே அதன் பெயரை எடுத்துக்கொண்டன. 1892-இல் நுயி, நுயி-சான்-ஜோர்ஜ் ஆயிற்று. மோரே மட்டும் 1927 வரை பொறுத்திருந்தது. தோட்டத்தின் புகழ் ஊருக்கு ஏறியதும், அந்த ஊரில் எங்கோ ஒரு மூலையில் விளைந்த சாதாரண ஒயினும் அந்தப் பேரொலியோடு சந்தைக்குப் போனது. வட்டாரப் பெயரை வணிகக் கருவியாக்கும் வேலையைப் பர்கண்டி ஊராட்சிகள் விளம்பர நிறுவனங்கள் தோன்றுவதற்கு முன்பே கற்றிருந்தன.

பெயர் யாருக்குச் சொந்தம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தது. பர்கண்டியையும் 1870-களில் அது எட்டியது. அமெரிக்க வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்களை மீட்க முடிந்தது. நடுவே நேர்ந்த பற்றாக்குறையில் கலப்படம் தழைத்தது. ரோன் பள்ளத்தாக்கிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வந்த கனமான ஒயின் பர்கண்டிப் பீப்பாய்களில் கலந்தது. வணிகர்களிடம் ‘நிகர்’ என்றொரு பழக்கமும் இருந்தது. பொமார் என்ற ஊருக்கு அக்கம்பக்கத்து ஊரின் ஒயின் சுவையில் பொமாருக்கு நிகராக இருந்தால் பொமார் என்றே விற்றுவிடுவார்கள். வாங்குபவருக்கு வேண்டியது அந்தச் சுவைதானே என்பது அவர்கள் வாதம். அந்தக் காலத்து வணிக வழக்கில் அது மோசடியாகக் கருதப்படவும் இல்லை.

1905 ஆகஸ்ட் 1-ஆம் தேதிச் சட்டம் கலப்படத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1919 மே 6-ஆம் தேதிச் சட்டம், ஒரு பெயரைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதை நீதிமன்றம் தீர்க்கலாம் என்றது. தோட்டக்காரர்கள் அந்தக் கதவைத் தட்டினார்கள். வோல்னேயின் மார்க்கி தாஞ்செர்வில், நுயியின் ஆன்றி கூஜ் ஆகியோர் வணிகர்களுக்கு எதிராக முன்னின்றார்கள். தங்கள் ஒயினை வாங்கிவந்த வணிகர்களையே எதிர்த்ததால் அவர்களுக்கு வாங்குவோர் இல்லாமல் போயிற்று. தாங்களே புட்டியிலடைத்து நேராக விற்கத் தொடங்கினார்கள். தோட்டத்திலேயே புட்டியில் அடைத்தது என்று இன்று பெருமையாக அச்சிடப்படும் வரியின் பின்னால் இப்படியொரு ஊர்விலக்கு இருக்கிறது.

பர்கண்டி என்பது எதுவரை என்ற கேள்விக்கு 1930-இல் டிஜோன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோட்-டோர், யோன், சோன்-லுவார் மாவட்டங்களோடு ரோன் மாவட்டத்து வில்ஃபிரான்ஷ் பகுதியும் அதற்குள் வந்தது. அப்பகுதி போஜொலே நாடு. அங்கு விளைவது கோமகன் விரட்டிய அதே காமே. அடையாளத்தின் எல்லையை வரலாறும் புவியியலும் மட்டும் வரைவதில்லை, வழக்குத் தொடுக்கும் வலுவும் சேர்ந்து வரைகிறது என்பதற்கு இந்தத் தீர்ப்பே போதும். எல்லைத் தகராறு ஓய்ந்துவிடவும் இல்லை. 2020-இன் தொடக்கத்தில், பர்கண்டி என்ற பொதுப்பெயரை ஷாப்லி வட்டாரத்திலிருந்து எடுத்துவிடும் திட்டம் ஒன்று பேச்சில் வந்தபோது, தோட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

1935 ஜூலை 30-ஆம் தேதி அரசாணை, கட்டுப்பாட்டுக்குட்பட்ட மூலப்பெயர் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஜிரோந்துத் தொகுதியின் செனட்டர் ஜோசஃப் காப்யூவின் நீண்டகால முயற்சி அது. எந்த நிலம், எந்தக் கொடி, ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல், குறைந்தது எவ்வளவு சாராய அளவு என்று ஒவ்வொரு பெயருக்கும் விதி வகுக்கப்பட்டது. பர்கண்டியில் இன்று இப்படி 84 பெயர்கள் உள்ளன. உச்சியில் 33 முதுபெரும் தோட்டங்கள். மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கு ஒரு விழுக்காடு அளவுதான். மற்ற ஒயினையெல்லாம் விற்றுக்கொடுப்பது அந்த ஒரு விழுக்காட்டின் பேர்தான் என்றால் மிகையாகாது.

விருந்தும் அங்கியும்

சட்டம் பெயரைக் காத்தது. ஆனால் சட்டப்புத்தகத்தைக் காட்டி எவரையும் குடிக்கவைக்க முடியாது. அந்த வேலையை விருந்துகள் செய்தன.

முதலில் டிஜோன். 1919 முதல் 1935 வரை அதன் மேயராக இருந்த கஸ்தோன் ஜெரார், 1921-இல் உணவுக் கண்காட்சி ஒன்றைத் தொடங்கினார். நவம்பர் மாதக் குளிரில் ஊருக்கு ஆள் வரவழைக்கும் ஏற்பாடு அது. கடுகு, தேன் மசாலா ரொட்டி, கசிஸ், ஒயின் எல்லாம் ஒரே கூரையின்கீழ் வந்தன. அதுவரை தனித்தனிக் கடைச்சரக்காக இருந்தவை பர்கண்டி உணவு என்ற ஒரே குடும்பமாயின. கண்காட்சி இன்றும் நடக்கிறது. 1930-இல் பிரான்சின் சுற்றுலாத் துறைக்கு முதன்முதலாகப் பொறுப்பேற்றவரும் இதே ஜெரார்தான். கடுகும் வெண்ணொயினும் கோம்தே பாலாடைக்கட்டியும் சேர்ந்த கோழிக்குழம்பு ஒன்று இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. உணவு எழுத்தாளர் குர்நோன்ஸ்கி வீட்டுக்கு வந்தபோது ஜெராரின் மனைவி தற்செயலாகக் கண்டுபிடித்தது என்று கதை சொல்வார்கள். மேயரின் விருந்தோம்பல் எந்த அளவு தற்செயலானது என்பதை வாசகர் ஊகிக்கட்டும்.

மெர்ஸோ ஊரில் அறுவடை முடிந்த நாளில் தோட்ட முதலாளி கூலியாட்களுக்குச் சோறு போடும் வழக்கம் உண்டு. அதன் பெயர் போலே. 1923-இல் தோட்ட உரிமையாளரான கோமான் ஜூல் லஃபோன் அந்த வழக்கத்தை எடுத்து நண்பர்களுக்கான விருந்தாக மாற்றினார். வருபவர் தம் நிலவறையிலிருந்து சிறந்த புட்டியைக் கொண்டுவந்து பக்கத்திலிருப்பவரோடு பகிர வேண்டும். பின்னர் இலக்கியப் பரிசும் சேர்ந்தது. பரிசு நூறு புட்டி மெர்ஸோ. எழுத்தாளனுக்கு நூறு புட்டி கொடுத்தால் அவன் எதைப்பற்றி எழுதுவான் என்று லஃபோனுக்குத் தெரிந்திருந்தது. கூலியாட்களின் சாப்பாடு இப்படிக் கனவான்களின் விழாவானதில் ஒரு நெருடல் இருக்கிறது. பர்கண்டி விழாக்களைப் புகழ்பவர்கள் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

எல்லாவற்றிலும் வெற்றி பெற்றது தாஸ்த்வான் வீரர் கழகம். தாஸ்த்வான் என்பது நிலவறையின் மங்கல் ஒளியில் ஒயினின் நிறம் பார்க்கப் பயன்படும் ஆழமில்லாத வெள்ளிக் கிண்ணம். 1934 நவம்பரில் நுயி-சான்-ஜோர்ஜில், உள்ளூர்ப் பிரமுகர் கமீய் ரோதியேவும் வணிகர் ஜோர்ஜ் ஃபெவ்லேயும் கழகத்தைத் தொடங்கினார்கள். உலகப் பொருளாதாரம் சரிந்திருந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. ஒயினை வாங்க ஆளில்லை என்றால் நண்பர்களை அழைத்துக் குடிக்கச் சொல்வோம் என்பதே தொடக்கக்காரர்களின் யோசனை. செம்மையும் பொன்னுமான அங்கி, ரபெலேயிடமிருந்தும் மொலியேரின் நாடகத்திலிருந்தும் எடுத்த கேலி இலத்தீன் சடங்குகள், மீசை முறுக்கிப் பாடும் பாடகர் குழு என்று எல்லாம் தயாராயின. அங்கியைப் பார்ப்பவர் இடைக்காலத்திலிருந்து வருவது என்றே நம்புவார். நம்பவேண்டும் என்பதுதான் நோக்கமும். தூதர்கள், அமைச்சர்கள், நடிகர்கள், செய்தியாளர்கள் எனப் பலர் வீரர்களாக்கப்பட்டு, ஊர் திரும்பியபின் செலவில்லாத பிரசாரகர்களானார்கள். 1944-இல் கழகம் குளோ த வூஜோவின் மாளிகையை வாங்கித் தன் தலைமையிடமாக்கியது.

1938-இல் கழகம் இன்னொன்றும் செய்தது. திராட்சைத் தோட்டக்காரர்களின் காவலரான புனித வின்சென்டின் திருநாள் ஜனவரி 22. நோயுற்ற அங்கத்தினரின் கொடியைப் பிறர் கவாத்து செய்து கொடுக்கும் உதவிச் சங்கங்கள் ஊர்தோறும் அவர் பெயரில் இருந்தன. அந்தச் சங்கங்களையெல்லாம் திரட்டி, ஆண்டுக்கு ஓர் ஊர் முறைவைத்து நடத்தும் பெருவிழாவாக்கினார்கள். குளிர்காலப் பனியில் ஊர்ச் சிலைகளைச் சுமந்துவரும் ஊர்வலம் இன்று பல்லாயிரம்பேர் பார்க்கும் காட்சி. நவம்பரில் வூஜோவில் கழக விருந்து, மறுநாள் போன் நகரத்தில் மருத்துவமனை ஏலம், அதற்கு மறுநாள் மெர்ஸோவில் போலே என்று மூன்றும் ஒரே வார இறுதியில் கோக்கப்பட்டு ‘புகழ் மூன்று நாள்’ ஆயின. வெவ்வேறு நூற்றாண்டில் வெவ்வேறு காரணத்துக்காகப் பிறந்தவை அவை.

சமூகவியலாளர் கில் லாஃபெர்தே 2006-இல் வெளியிட்ட நூலில் இதன் உள்ளோட்டத்தை விளக்குகிறார். சட்டப்போரில் தோட்டக்காரர்கள் வென்றபின், நிறுவனப் பெயரால் விற்ற பழைய விற்பனைமுறை செல்லாக்காசாயிற்று. மண்ணின் மைந்தன், கைவினை உழைப்பு, ஊர்ப்பண்டிகை என்ற புதிய படிமமே விலைபோயிற்று. வணிகர்கள் அதை எதிர்க்காமல் அதன் முன்வரிசையில் வந்து அமர்ந்தார்கள். மண் போற்றும் மொழிக்கு அரசியல் நிழலும் உண்டு. 1942-இல் போன் மருத்துவமனையின் தோட்டத் துண்டொன்று போர்க்காலத்தில் ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் தலைவர் பெத்தானுக்குப் பரிசளிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டது.

சாலை

1937-இல் டிஜோனிலிருந்து சாந்த்னே வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்குப் பெருந்தோட்டச் சாலை குறிக்கப்பட்டது. பிரான்சின் முதல் ஒயின் சுற்றுலாச் சாலை என்று இதைச் சொல்வார்கள். பாரிசிலிருந்து மத்தியதரைக் கடற்கரைக்குக் காரில் போகும் பணக்காரர்கள் ஒருநாள் தங்குவதற்கு ஏற்ற தொலைவில் பர்கண்டி இருந்தது. சோலியே என்ற சிற்றூரில் அலெக்சாந்தர் துமென் நடத்திய உணவகம் 1930-களில் மிஷலன் கையேட்டின் மூன்று நட்சத்திரம் பெற்றது இந்தப் போக்குவரத்தால்தான். ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாகச் சாலைப் பலகையில் வந்துபோவதைப் பார்த்தவர், அடுத்த வாரம் பாரிஸ் உணவகத்தில் அதே பெயரைப் பட்டியலில் கண்டார். விளம்பரத்துக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

பெயரைச் சாலை மட்டும் பரப்பவில்லை. செந்நிற ஒயினில் வெந்த மாட்டிறைச்சிக் குழம்பு பர்கண்டிப் பெயரோடு உலகெங்கும் போனதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சியும் காரணம். 1963-இல் ஜூலியா சைல்டின் சமையல் தொடர் தொடங்கியதே இந்தக் குழம்போடுதான்.

கடுகு, கசிஸ், நத்தை, கோழி

ஒயினின் பெயர் மண்ணோடு பிணைந்தது. உணவுப்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. எந்தப் பெயரை எதனோடு பிணைத்தார்கள் என்பதைப் பொறுத்தே ஒவ்வொன்றின் கதியும் அமைந்தது. வட்டார அடையாளத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசும் நூல்கள் எல்லாவற்றையும்விட இந்த நான்கு பொருள்கள் கூடுதலாகச் சொல்லும்.

டிஜோன் கடுகின் பெருமை நீண்டது. பர்கண்டிக் காடுகளில் கரி சுட்டவர்கள், எரிந்த திட்டுகளில் கடுகு விதைத்தார்கள் என்பார்கள். 1634-இல் டிஜோனின் காடிக்காரர்களும் கடுகுக்காரர்களும் தொழில்விதிகளோடு சங்கமாக இருந்தார்கள். பழுக்காத திராட்சையின் புளிச்சாற்றில் கடுகை அரைப்பது பிற்பாடு வந்த நுட்பம். 1937-இல் அரசாணை வந்தபோது அது டிஜோன் கடுகு என்பதை ஒரு செய்முறையாக வரையறுத்தது. பழுப்பு அல்லது கருங்கடுகு, தோல் நீக்கிய விழுது, இன்ன அளவு உலர்பொருள் என்று விதி இருந்தது. எந்த ஊரில் செய்யவேண்டும் என்பது இல்லை. விளைவாக உலகில் எங்கு வேண்டுமானாலும் டிஜோன் கடுகு செய்யலாம். போருக்குப்பின் பர்கண்டி உழவர்கள் கடுகைக் கைவிட்டு வேறு எண்ணெய்வித்துக்குப் போனார்கள். கடுகு கனடாவிலிருந்து கப்பலில் வந்தது. 2009-இல் யூனிலீவர் டிஜோனிலிருந்த ஆமோரா ஆலையை மூடியது. டிஜோன் நகருக்குள் பெருந்தொழிலாக நடந்த கடுகு அதோடு முடிந்தது. 2021-இல் கனடாவில் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கடைகளின் கடுகு அடுக்குகள் காலியாகின. ஒரு குடும்பத்துக்கு ஒரு புட்டி என்று பலகை தொங்கிய கடைகளும் இருந்தன.

தவற்றை உணர்ந்தவர்கள் வேறு பெயரில் தொடங்கினார்கள். 1990-களிலிருந்து பர்கண்டி வயல்களில் கடுகு மீண்டும் விதைக்கப்பட்டது. 2009-இல் ‘பர்கண்டிக் கடுகு’ ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. விதையும் இங்கே விளைய வேண்டும், அரைக்கும் வெண்ணொயினும் இங்குள்ளதாக இருக்க வேண்டும். போன் நகரத்தில் 1840 முதல் இயங்கும் ஃபல்லோ ஆலை இதன் முக்கிய உற்பத்தியாளர். பழைய புகழ் டிஜோன் என்ற பெயரில் மாட்டிக்கொண்டதால், புதிய பெயர் இன்னும் அதன் அருகே வர முடியவில்லை.

கசிஸ் என்பது கருநிறச் சிறுபழம். 1841-இல் டிஜோனில் லகூத் என்பவர் அதிலிருந்து இனிப்பு மது வடித்தார். வெண்ணொயினில் இதைச் சிறிது ஊற்றிக் குடிப்பது உள்ளூர் வழக்கம். பாதிரியாரும் எதிர்ப்புப்போர் வீரருமான ஃபெலிக்ஸ் கிர், 1945 முதல் 1968 வரை டிஜோன் மேயராக இருந்தார். நகராட்சிக்கு வந்த விருந்தினருக்கெல்லாம் இதையே கொடுத்தார். பானத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. 1951-இல் அவர் தம் பெயரைப் பயன்படுத்தும் அனுமதியை லெஜே-லகூத் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு போட்டியாளர்களுக்கும் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1992-இல் முதல் நிறுவனத்துக்கே உரிமை என்று முடிந்தது. ஊர் முழுக்க வளர்த்த பெயர் ஒரே நிறுவனத்தின் வணிகக் குறியானது.

இதே கசிஸ் ஐரோப்பியச் சட்ட வரலாற்றிலும் இடம் பிடித்தது. பழமதுவில் குறைந்தது 25 விழுக்காடு சாராயம் இருக்கவேண்டும் என்ற ஜெர்மன் விதியைக் காட்டி டிஜோன் கசிஸைத் தடுத்தார்கள். ஓர் உறுப்பு நாட்டில் முறையாக விற்கப்படுவதை மற்ற நாடு தக்க காரணமின்றித் தடுக்கக்கூடாது என்று 1979 பிப்ரவரி 20-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச்சந்தையின் அடித்தளத் தீர்ப்புகளில் ஒன்று அது. வட்டாரப் பொருள் ஒன்று எல்லைகளைத் திறந்துவிட்டதும், அதே வட்டாரம் தன் பெயருக்கு எல்லை கட்ட வாழ்நாளெல்லாம் போராடுவதும் ஒரே கதையின் இரண்டு பக்கம்.

பர்கண்டி நத்தை என்பது உயிரினத்தின் பெயர். பூண்டும் வெண்ணெயும் வைத்து ஓட்டோடு பரிமாறப்படும் அந்த நத்தையைக் காடுகளில் பொறுக்குவதை 1979 முதல் பிரெஞ்சு அரசு கட்டுப்படுத்துகிறது. தட்டில் வருவது பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவில் பொறுக்கியது. பெயரில் பொய் இல்லை. இனம் அதுதான், இடம் வேறு.

பிரெஸ் கோழி இவற்றுக்கு எதிர்முனை. வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால் என்று பிரெஞ்சுக் கொடியின் நிறங்களோடு திரியும் இக்கோழிக்குத் தலைக்கு 10 சதுர மீட்டர் புல்தரை கொடுக்கவேண்டும். 1936-இல் நீதிமன்றம் அதன் எல்லையை வரைந்தது. 1957-இல் தனிச்சட்டமே வந்தது. பிரெஸ் நாட்டின் ஒரு பகுதி மட்டுமே பர்கண்டியில் இருக்கிறது என்பது பர்கண்டி விளம்பரங்களுக்கு ஒரு தடையாக இருந்ததில்லை. ஒயின்வடித்த சக்கையின் சாராயத்தால் கழுவிப் பதப்படுத்தும் எபுவாஸ் பாலாடைக்கட்டி, 1950-களில் செய்வாரின்றி மறையவிருந்தது. ஒரு குடும்பம் மீண்டும் தொடங்கியதால் பிழைத்து, 1991-இல் மூலப்பெயர் பெற்றது.

கல், ஓடு, பீப்பாய்

கைவினைகளுக்குப் பெயர்க்காப்பு மிகத் தாமதமாகவே வந்தது. பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர் கொள்ளும். போர்தோப் பீப்பாய் 225. இந்த மூன்று லிட்டரை விட்டுக்கொடுக்காத தச்சர்களின் பட்டறைகள் இன்று உலகின் எல்லா ஒயின் நாடுகளுக்கும் பீப்பாய் அனுப்புகின்றன. புயிசே பகுதியின் மண்கலங்களுக்கும் நீண்ட மரபு உண்டு. 2014-இன் ஆமோன் சட்டம் உணவல்லாத பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற வழி திறந்தபின், 2018-இல் பர்கண்டிக் கல் அதைப் பெற்றது. கைவினைப் பொருள்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய விதி 2023-இல் இயற்றப்பட்டு, 2025 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒயினுக்கு 1935-இல் கிடைத்தது கல்லுடைப்பவனுக்குக் கிடைக்க எண்பது ஆண்டுகள் ஆயின.

பர்கண்டியின் அஞ்சலட்டையில் தவறாமல் வருவது போன் மருத்துவமனையின் பலவண்ண மெருகு ஓட்டுக் கூரை. கட்டடம் பதினைந்தாம் நூற்றாண்டினது. கூரையிலுள்ள கோலமோ 1902-க்கும் 1907-க்கும் இடையில் கட்டடக்கலைஞர் சோவஜோ பழைய வடிவம் தெரியாத நிலையில் தாமாக வகுத்தது. சின்னமாகிவிட்ட கூரையைப் பார்த்து வேறு கட்டடங்களும் அதே ஓட்டைப் போட்டுக்கொண்டன. அடையாளமும் அப்படித்தான் பரவியது.

உலக மரபும் நில விலையும்

சரிவிலுள்ள ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயரும் எல்லையும் ஒயினில் தனிக்குணமும் உண்டு. கிளிமா எனப்படும் இத்துண்டுகள் 1,247. டிஜோன், போன் நகரங்களோடு சேர்த்து இவற்றை 2015 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்றது. பர்கண்டியின் மற்ற ஒயின் வட்டாரங்களான ஷாப்லியும் மாக்கோனும் அதில் இல்லை. 2022-இல் டிஜோனில் உணவு, ஒயினுக்கான பன்னாட்டு மையம் திறக்கப்பட்டது. ஜெராரின் கண்காட்சிக்கு நூறாண்டு கழித்து நகராட்சி அதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது.

வெற்றியின் சுமை தோட்டக்காரக் குடும்பங்கள்மேல் விழுந்திருக்கிறது. முதுபெரும் தோட்டத்து நிலம் ஹெக்டேருக்குப் பல இலட்சம் யூரோக்களைத் தாண்டிக் கோடியில் பேசப்படுகிறது. தந்தை இறந்தால் பிள்ளைகள் மரபுரிமை வரி கட்ட நிலத்தை விற்க வேண்டிய நிலை. 2012-இல் ஜெவ்ரே-ஷாம்பெர்தன் மாளிகையை மக்காவ் சூதாட்ட விடுதித் தொழிலதிபர் வாங்கியபோது ஊர் கொதித்தது. 2014-இல் ஆடம்பரப்பொருள் குழுமமான எல்விஎம்எச் குளோ தே லம்ப்ரே தோட்டத்தையும், 2017-இல் பினோ குடும்பத்தின் நிறுவனம் குளோ த தார் தோட்டத்தையும் வாங்கியபோது கொதிப்பு குறைவாகவே இருந்தது. வாங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மண்ணின் மைந்தன் என்ற படிமம் விலையை ஏற்றிவிட, அந்த விலையில் மண்ணின் மைந்தனால் வாங்க முடியவில்லை.

கடல் தாண்டிய பெயர்

பிரான்சுக்கு வெளியே பர்கண்டியின் கை எட்டுவது குறைவு. கலிஃபோர்னியாவின் காலோ நிறுவனம் 1964-இல் ‘ஹார்ட்டி பர்கண்டி’ என்ற மலிவு ஒயினை இறக்கியது. அதில் பர்கண்டி மண்ணுமில்லை, பினோ நுவாருக்கு இடமும் தேவையில்லை. சிவப்பு ஒயின் என்பதற்கு அமெரிக்காவில் அது பொதுப்பெயர்போல ஆகியிருந்தது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை 23-ஆம் பிரிவில் ஒயினுக்கும் சாராயத்துக்கும் தனியாகக் கூடுதல் காப்பு தந்தது. வாங்குபவர் ஏமாறவில்லை என்றாலும் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்பது அந்தப் பிரிவு. மற்றப் பொருள்கள் 22-ஆம் பிரிவில் நின்றன. அங்கே வாங்குபவர் ஏமாந்ததை நிறுவினால்தான் வழக்கு நிற்கும். காஞ்சிபுரம் பட்டும் டார்ஜிலிங் தேநீரும் அந்தக் கீழ்த்தட்டில்தான் இருக்கின்றன. கூடுதல் காப்பை எல்லாப் பொருள்களுக்கும் விரிக்கவேண்டும் என்று இந்தியா உலக வணிக அமைப்பில் கேட்டுவருகிறது. ஒயினுக்கே உரிய அந்தக் காப்பும் பழைய அமெரிக்கப் புட்டிகளைத் தொடவில்லை. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் செய்த ஒப்பந்தம், அதற்குமுன் பர்கண்டி என்று விற்றவர்கள் தொடர்ந்து விற்கலாம், புதியவர்கள் கூடாது என்று முடித்தது.